ஆண் சவுக்கு

குழந்தைவேலு சோம்பலால் கெட்டவன் அல்ல. அதை எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன்.

பாடாங் செராய்க்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்தில் அவனுக்கு நாற்றங்கால் வேலை. ஜப்பான்காரன் வந்ததும் ரப்பர் பால்வெட்டு நின்றது. ரயில் ஓட்ட விறகு வேண்டும், சவுக்கு நடுங்கள் என்றான். ஆற்றோரம் வெள்ளைக்காரத் துரை காலத்துச் சவுக்கு முப்பது நின்றது. அதில் காய் பறித்து நாற்று விடவேண்டும். நாற்று முளைத்துக்கொண்டிருக்கும்வரை குழந்தைவேலுவின் பெயர் சயாம் ரயில் பாதைக்கான பட்டியலில் ஏறாது. போனவர்களில் அதுவரை ஒருவரும் திரும்பவில்லை. ஓடினால் பிடித்துவந்து அடித்தார்கள்.

முதல் விதைப்பு புல்லைப்போல் அடர்ந்து முளைத்தது. பிறகு, விறகுக்கு உடனே பத்து மரம் வெட்டச் சொல்லி உத்தரவு. எதை வெட்டுவது என்று தோட்டத்துக் கணக்கும் பட்டியலும் எழுதும் கிராணி பரஞ்சோதி கேட்டார்.

"காய்க்காதத வெட்டுவோம், கிராணி. ஆண் பப்பாளிய வச்சுகிட்டு என்னா செய்யறது?" என்றான் குழந்தைவேலு.

நாங்களும் தலையாட்டினோம். கொல்லையில் ஆண் பப்பாளி நின்றால் வெட்டுவதுதானே நம் வழக்கம்! பக்கத்துக் கொல்லையில் ஒன்று நிற்பதால்தான் நம்முடையது காய்க்கிறது என்று யார் யோசித்தோம்? காய்க்காத பத்தும் விழுந்தன.

மறு ஆண்டும் மற்ற மரங்கள் காய்த்தன. விதைத்தான். மூன்று வாரம் தண்ணீர் தெளித்தும் ஒன்றுகூட முளைக்கவில்லை. விதையை நகத்தால் கிள்ளினான். அத்தனையும் பதர்.

மனைவி செல்லாயிதான் சொன்னாள். "ஏங்க, இந்த வருசம் கொடித்துணியில அந்த மஞ்சத் தூசியே விழலியே. எப்பவும் திட்டிகிட்டே ஒதறுவேன்ல?"

அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. அந்தத் தூசியைக் காற்று கொண்டுபோய்ச் சேர்த்துத்தான் பெண் மரங்கள் கருப்பிடித்திருக்கின்றன. அதைக் கொடுத்த மரங்கள் எப்போதோ விறகாய் எரிந்துவிட்டன.

பரஞ்சோதி கையைப் பிசைந்தார். "ஒன் பேர எளுதலேன்னா ஜப்பான்காரன் என்னைய அனுப்பிடுவான்லா, வேலு."

எழுதினார். அவர் நிலையில் நானும் எழுதியிருப்பேன். ஆனாலும் மனம் ஆறவில்லை.

குழந்தைவேலுவைச் சுங்கைப் பட்டாணி ஸ்டேஷனில் சரக்கு ரயில் பெட்டியில் அடைத்தார்கள். திரும்பி வந்தது கூடப்போன மணியம் மட்டும்தான். செல்லாயியிடம் அவன் சொன்னது இது: வழியில் குருண் ஸ்டேஷனில் வண்டி நின்றபோது, ஓரத்துச் சவுக்கிலிருந்து தூசி பறந்து கதவிடுக்கு வழியாக உள்ளே வந்தது. குழந்தைவேலுவின் சட்டையெல்லாம் மஞ்சள்.

"ஒதறிக்குங்கண்ணே," என்றிருக்கிறான் மணியம்.

"இருக்கட்டும் தம்பி. இதுல ஒரு கைப்பிடி நம்ம ஆத்தோர மரத்துல விழுந்திருந்தா, நான் இந்தப் பெட்டியில ஏறியிருக்க மாட்டேன்."