டீச்சர் போட்ட ஊறல்

2005இல் மரக்காணத்தில் எங்கள் உப்பளத்தை ஒட்டிய கொட்டகையில் ஒரு கெமிஸ்ட்ரி டீச்சர், டீசலுக்கு மாற்றாக ஈஸ்ட்டிலிருந்து எண்ணெய் எடுத்துக்கொண்டிருந்தார். எதைத் தொட்டாலும் உடனே விரலை முகர்ந்து பார்ப்பார்.

ஈஸ்ட் வளர டிரம்மில் வைத்த வெல்லத் தண்ணீர் புளித்த வாடையை நம்பி யாரோ போட்டுக்கொடுக்க, போலீஸ் வந்தது.

"ஏம்மா, சாராய ஊறலா?" என்றார் ஏட்டையா.

"ஊறல்தான் சார். குடிக்க இல்ல, எரிக்க."

காய்ந்த ஈஸ்ட்டை ஹெக்சேன் என்ற கரைப்பானில் ஊறவைத்துப் பிரித்த மஞ்சள் எண்ணெயில் திரியை நனைத்துக் கொளுத்தினார். நின்று எரிந்தது. அப்படியும் ஏட்டையா டிரம்மை உதைத்துக் கவிழ்த்தார்.

டீச்சர் காலி டிரம்முக்குள் கைவிட்டு வழித்தார். விரலை முகர்ந்தார். ஏட்டையாவின் முகத்தைப் பார்த்தே சொன்னார்:

"தயிருக்கு உறை ஊத்துறதில்லயா சார்? அடியில ஒட்டுன இது போதும்."

ஜீப் கிளம்புவதற்குள் வெல்லம் கரைக்க உட்கார்ந்துவிட்டார்.

எங்காவது புளித்த வாடை வந்தால், இன்றும் என் முதுகு தானாக நிமிர்ந்துகொள்கிறது.