மூடுபனியும் காயாத ஸ்வெட்டரும்

குன்னூரில் ஒரு கஃபேயில் சனிக்கிழமைதோறும் கவிதை வாசிப்பு நடக்கிறது. யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம் என்று வாசலில் எழுதியே வைத்திருக்கிறார்கள். இன்றைய தலைப்பு மூடுபனி.

என் கவிதை, ஒரு வாரமாகக் காயாத என் மகளின் பள்ளிக்கூட ஸ்வெட்டரைப் பற்றியது.

நடத்துகிறவர் சென்னையிலிருந்து இங்கே குடிவந்தவர். முன்கூட்டியே வாங்கிப் படித்துப் பார்த்தார்.

"நல்லாருக்கு மேடம். ஆனா இது துணி பத்தின கவிதை. டூரிஸ்ட் நிறைய வந்திருக்காங்க, மிஸ்ட்னா கொஞ்சம் ரொமான்டிக்கா எதிர்பார்ப்பாங்க. நீங்க வேணா அடுத்த வாரம் வாசிங்களேன்?"

"மிஸ்ட்டு வந்தாத்தானுங்க துணி காயாது. எங்க ஊட்டு மிஸ்ட்டு இதுதானுங்க."

அவர் பதில் யோசிப்பதற்குள் மைக்கைப் பிடித்துவிட்டேன். அடுப்புக்கு மேலே கொடி கட்டி ஸ்வெட்டரைத் தொங்கவிட்டதையும், மகள் அதை ஈரமாகவே மாட்டிக்கொண்டு கருவாட்டு வாசத்தோடு வகுப்பில் உட்கார்ந்திருந்ததையும் ஒரு வரி விடாமல் வாசித்தேன்.

கைதட்டல் இல்லை. பின்வரிசையிலிருந்து ஒரு அம்மா மட்டும் கேட்டார்: "ஏனுங்க, ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி போட்டுப் பாத்தீங்களா?"

"அங்க சாக்ஸ் கிடக்குதுங்க."

அவ்வளவுதான். உள்ளூர்க்காரர்கள் அத்தனை பேரும் ஆரம்பித்துவிட்டார்கள். ஒருவர் வீட்டில் படுக்கையறை முழுக்கக் கயிறு. இன்னொருவர் ஈர பேண்ட்டோடுதான் கஃபேக்கே வந்திருக்கிறார். நடத்துகிறவர் மைக்கைத் தட்டிக்கொண்டே இருந்தார். யாரும் நிறுத்தவில்லை.

அடுத்த வாரத் தலைப்பு மழையாம். எங்கள் குளியலறைக் கூரையைப் பற்றி இப்போதே எழுதத் தொடங்கிவிட்டேன்.

உங்கள் வீட்டில் எங்கே ஒழுகுகிறது? சொல்லுங்கள், சேர்த்துக்கொள்கிறேன்.