கெய்ரோவிலிருந்து பதினைந்து மணி நேரம்

கட்டிக்கொள்ளும் வயதில் தாய்மாமன் இருந்தால், அவன் சம்மதமில்லாமல் பெண்ணை வெளியே கொடுக்கக் கூடாது. எங்கள் குடும்பத்தின் எழுதப்படாத விதி இது. எழுதி வைத்திருந்தால் அப்பா அதில் ஒரு விதிவிலக்கையும் சேர்த்திருப்பார்.

யுத்த காலம். அம்மாவின் கடைசித் தம்பி, என் அக்காவைவிட ஆறு வயது மூத்தவர், பட்டாளத்தில் சேர்ந்து கப்பலேறிப் போயிருந்தார். எங்கே இருக்கிறோம் என்று எழுத அவர்களுக்கு அனுமதி இல்லை. ஆனால் அனுப்பிய போட்டோவில் அவருக்குப் பின்னால் பிரமிடு நின்றது. கெய்ரோ என்று எங்கள் வாத்தியார் சொல்லிவிட்டார்.

ஆவணியில் எருமப்பட்டிப் பக்கமிருந்து அக்காவுக்கு ஓர் இடம் வந்தது. வற்றாத கிணறு, இரண்டு ஜோடி மாடு. அப்பாவுக்குப் பிடித்துவிட்டது. தம்பியைக் கேட்காமல் வெற்றிலை பாக்கு மாற்றக் கூடாது என்று அம்மா மட்டும் பிடிவாதமாக நின்றாள். ஆகாயத் தபாலில் கடிதம் போயிற்று.

பதில் எப்போது வரும் என்று கணக்கிடும் பொறுப்பை ஐந்தாம் வகுப்பில் இருந்த நான் எடுத்துக்கொண்டேன். என் பூகோளப் புத்தகத்து உலகப் படத்தில் கெய்ரோவுக்கும், ஆகாயத் தபால் வந்திறங்கும் கராச்சிக்கும் நடுவே பூக்கட்டும் நாரைப் பிடித்து அளந்தேன். இரண்டாயிரத்து இருநூறு மைல். மணிக்கு நூற்றைம்பது மைல் போகிற ஏரோப்பிளானுக்குப் பதினைந்து மணி நேரம். அப்புறம் ரயில். தாராளமாக வைத்தாலும் போக ஒரு வாரம், வர ஒரு வாரம்.

இதை வீட்டில் கவனித்துக் கேட்டது அக்கா ஒருத்திதான். மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போதும் கேட்பாள், மாவு இடிக்கும்போதும் கேட்பாள்.

"ராத்திரீல பறக்குமா சாமி? எங்காச்சும் எறங்கி நின்னுக்குமா?"

அது என்ன மாட்டு வண்டியா, எஞ்சின் என்றேன். அவள் சிரித்தாள். அந்த நாரைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டாள். அக்காவுக்கு விமானத்தில் இவ்வளவு ஆசையா என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

இரண்டு வாரத்துக்குப் பதில் ஒரு மாதம் பொறுத்தார் அப்பா. பிறகு அம்மாவிடம் சொன்னார்: "பதுலு வரலீன்னா சம்மதம்னுதான் அர்த்தம்."

பிற்பாடு முப்பது வருஷம் சர்க்கார் ஆபீசில் குப்பை கொட்டிய எனக்குத் தெரியும், அப்படி ஒரு விதி எங்குமே கிடையாது. எந்தக் காகிதமும் வழியில் தாமதமாவதில்லை, மேஜைகளில்தான் தாமதமாகிறது என்பதும் தெரியும். பட்டாளத்துத் தபாலைப் பிரித்துப் படிக்கவே தனியாக ஆட்கள் உட்கார்ந்திருந்த காலம் அது.

ஐப்பசியில் கல்யாணம் நடந்தது. அக்கா தலை நிமிரவில்லை. அடக்கமான பெண் என்று எல்லாரும் மெச்சினார்கள்.

பதில் வந்தபோது அவள் சீர் வாங்கிப் போக எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். நான்தான் உரக்கப் படித்தேன். பெண்ணை வெளியே கொடுக்க வேண்டாம், லீவு கிடைத்ததும் வருகிறேன் என்று இரண்டே வரி. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அக்கா அகலுக்குத் திரி திரித்துக்கொண்டிருந்தாள்.

"பதினஞ்சு மணி நேரம்னு சொன்னியே சாமி."

கணக்கில் தப்பில்லை என்று உலகப் படத்தை எடுத்து வந்து விரித்தேன். நார் எங்கே என்று கேட்டேன். அவள் என்னைப் பார்க்காமல் குனிந்து அடுத்த திரியை எடுத்தாள். ஏன் கோபம் என்று எனக்கு விளங்கவில்லை.

அன்று கார்த்திகை தீபம்.