ஐந்து விதமான இருபத்தாறு

என் அண்ணன் சைக்கிள் டயர் விற்பவர். டயர் அளவு விஷயத்தில் அவரை யாரும் அசைக்க முடியாது. மற்ற விஷயங்களில் வாயில் விரலை வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாத மனிதர். அப்பா விட்டுப்போன கடையில் டயர், டியூப், ரிம் எல்லாம் அவர் பொறுப்பு. பெல், பிரேக் கட்டை, சீட் உறை விற்கும் இந்தப் பக்கம் என்னுடையது. அதனால் நடந்ததெல்லாம் என் கண் முன்னால்தான் நடந்தது.

ஒரு சனிக்கிழமை, ஒரு கணக்கு டீச்சர் பழைய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். கையில் வேறெங்கோ வாங்கிய புது டயர். பழையதிலும் இருபத்தாறு என்று போட்டிருக்கிறது, புதியதிலும் இருபத்தாறு என்றுதான் போட்டிருக்கிறது, ஆனால் ஏறவே மாட்டேன் என்கிறது என்றார். விரலெல்லாம் கறுப்பு, ஒரு நகம் உடைந்திருந்தது.

அண்ணனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. இருபத்தாறு அங்குலம் என்று ஒன்று கிடையாது, ஐந்து இருக்கிறது என்று ஆரம்பித்தார். அந்தக் காலத்தில் ஆளாளுக்கு இஷ்டப்படி வைத்த பெயராம் அது. ரிம்மெல்லாம் வேறு வேறாம். அதோடு விட்டாரா? ஒன்றே முக்கால் என்று பின்னத்தில் போட்ட டயரும், 1.75 என்று புள்ளி வைத்துப் போட்ட டயரும் ஒரே ரிம்மில் ஏறாது என்று சொல்லிவிட்டார். கணக்கு டீச்சருக்குக் கோபம் வந்துவிட்டது.

"ரெண்டும் ஒண்ணுதானேங்க. இதைத்தானே நான் தினமும் சொல்லிக் கொடுக்கிறேன்?"

அண்ணன் இரண்டையும் இறக்கி, ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துக் காட்டினார். ஒரு விரற்கடை வித்தியாசம். டீச்சர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தார், பிறகு வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்போடு எங்கள் அண்ணன் ஆள் காலி.

ரிம்மை அளந்து பார்த்தால், ஐந்தில் அதிகம் அகப்படாத அளவு அது. டயர் விளிம்பு உட்காரும் இடத்தில் குறுக்களவு ஐந்நூற்றுத் தொண்ணூற்றேழு மில்லிமீட்டர். தேடிப் பார்க்கிறேன், அடுத்த வாரம் வந்து கேளுங்கள் என்றார் அண்ணன். ரிம்மையே மாற்றிவிடலாமே என்று நான் யோசனை சொன்னேன். அது டீச்சருடைய இறந்துபோன அப்பா ஓட்டிய சைக்கிளாம். இரண்டு பேரும் என்னை ஒரு கொலைகாரியைப் பார்ப்பது மாதிரி பார்த்தார்கள்.

அடுத்த வாரம் வந்தார். டயர் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வந்தார். எட்டு மாதம், சனிக்கிழமை தவறாமல், உள்பக்கம் ஒட்டுப்போட்ட பழைய டயரிலேயே ஓட்டிக்கொண்டு வந்தார். அண்ணன் இன்னும் வரவில்லை என்பார். டீயை வைத்துக்கொண்டு இருவரும் பேசுவார்கள்; டீ ஆறிப்போகும். கல்யாணப் பேச்சை எடுத்தாலே எழுந்து போகிற அண்ணன், சனிக்கிழமைகளில் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். நான் பார்க்காததுபோல் இருந்தேன்.

கடைசியில் டயர் வந்து சேர்ந்தது. இந்த வாரம் எப்படியும் மனசில் இருப்பதைச் சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். இரண்டு டயரையும் தன் கையாலேயே மாட்டினார், காற்றடித்தார். பிறகு ஒரு அட்டையில் 32-597 என்று எழுதி நீட்டினார்.

"டயர் பக்கவாட்டுல சின்னதா இந்த நம்பர் இருக்கும். முதல்ல அகலம், அப்புறம் ரிம்மோட அளவு. எந்த ஊர்ல, எந்தக் கடையில சொன்னாலும் புரிஞ்சுக்குவாங்க. இனிமே நீங்க இவ்வளவு தூரம் அலைய வேண்டாம்."

டீச்சர் அந்த அட்டையையே வெகுநேரம் பார்த்தார். சரிங்க என்று சொல்லிவிட்டுப் போனார்.

அண்ணனை வறுத்தெடுத்துவிட்டேன். இனி அவர் எதற்கு இங்கே வர வேண்டும் என்று கேட்டேன். பாவம், அலையாமல் இருப்பாரல்லவா என்றார் அந்தப் புத்திசாலி. அடுத்த சனிக்கிழமையும் இஸ்திரி போட்ட சட்டைதான். டீச்சர் வரவில்லை. என் பக்கத்தில் யாராவது பெல்லை அடித்துப் பார்த்தால் போதும், அண்ணன் தலையைத் தூக்கி வாசலைப் பார்ப்பார். பார்க்கச் சகிக்காமல், சனிக்கிழமைகளில் பெல்லையெல்லாம் எடுத்து உள்ளே வைத்துவிடுவேன்.

ஆறு வருஷம் போனது. மேல் தட்டில் அதே அளவில் ஒரு ஜோடி டயர் எப்போதும் இருந்தது. அந்த அளவை வேறு ஒருவர்கூட வந்து கேட்டதில்லை. வைத்திருந்தால் ரப்பர் இறுகிப்போகும் என்று, இரண்டு வருஷத்துக்கொரு முறை பழையதைக் கழித்துவிட்டுப் புதிது வரவழைப்பார்.

போன மாதம் டீச்சர் வந்தார். அதே சைக்கிள். காதோரம் நரை. பதினோரு கடை ஏறி இறங்கியாயிற்றாம். நம்பர் எல்லோருக்கும் புரிகிறது, டயர்தான் ஒருவரிடமும் இல்லை என்றார். இந்த ஓட்டைச் சைக்கிளைத் தூக்கிப் போடு என்று வீட்டுக்காரர் சொல்கிறார் என்றார். வீட்டுக்காரர் என்ற வார்த்தையில் எனக்குக் கை ஓடவில்லை. அண்ணன் ஏணியை எடுத்துப் போட்டு, மேல் தட்டு ஜோடியை இறக்கி வந்தார்.

டீச்சர் டயரைத் திருப்பிப் பார்த்தார். இந்த வருஷத் தேதி. யாருக்காக வரவழைத்தது என்று கேட்டார்.

"உங்களுக்குத்தான்."

"அப்ப ஏன் வேற கடைக்குப் போகச் சொன்னீங்க?"

"நீங்க அலையக் கூடாதேன்னு."

"அலையறதுக்குத்தாங்க வந்தேன்" என்றார் டீச்சர். "போதும், இனிமே வராதேன்னு சொல்றீங்கன்னு நினைச்சுக்கிட்டேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. பிரேக் கட்டைப் பெட்டிக்குள் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டேன். அண்ணன் டயரை மாட்டினார். கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலைக்கு அன்று முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார்.

கிளம்பும்போது டீச்சர் அந்தப் பழைய அட்டையை நீட்டினார். மை மங்கிவிட்டது, இன்னொரு தடவை எழுதித் தாருங்கள் என்றார். அண்ணன் பேனாவைத் திறந்தார். திரும்ப மூடினார். அட்டையைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"எழுத வேண்டாங்க. அடுத்த தடவையும் இங்கேயே வாங்க."

"இது தேய இன்னும் ஆறு வருஷம் ஆகுமே."

"பரவாயில்ல" என்றார் அண்ணன்.