கப்பலில் ஓர் ஆள் படுக்கும் இடம்

சிங்கப்பூர் பஃபலோ ரோட்டில் ஒரு சர்பத் வண்டி. அதை விற்று ஒரு கோப்பிக்கடை. கடையிலிருந்து ஒரு பழைய லாரி, லாரியிலிருந்து ஒரு மாடி வீடு. நடுவில் ஒரு தடவை எல்லாம் தீயில் போனது – மறுபடி கட்டினேன். மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன் கட்டியது. இன்றைக்குப் பத்திரிகையில் பத்தி எழுதுகிற அளவுக்கு வந்திருக்கிறேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாரா வாரம் இதையே சொல்கிறேன் என்று சலிக்காதீர்கள். நான் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்? போன ஞாயிற்றுக்கிழமை விடை கிடைத்தது. யாரும் சொல்ல மாட்டார்கள்.

அன்றைக்குச் சிராங்கூன் ரோட்டில் தங்கராசு புது மளிகைக்கடை திறந்தான். மைக்கைப் பிடித்ததும், இறந்துபோன தன் அண்ணன் அய்யாக்கண்ணுவைப் பற்றிப் பேசினான்.

“என்னைப் பாக்க வர்ற வழியில எங்க அண்ணன் கப்பல்லயே போயிட்டாரு. ஆனா அந்தக் கப்பல் சனம் இருக்கே... அவரு படுத்திருந்த எடத்த சிங்கப்பூர் வர்ற வரைக்கும் யாரும் தொடல. அப்படியே விட்டு வச்சிருந்தாங்க.”

கைதட்டல். அதே கப்பலில் வந்த ஒரு ஜவுளிக்காரரை மேடைக்குக் கூப்பிட்டு மாலை போட்டான். அவரும் கும்பிட்டு வாங்கிக்கொண்டார்.

நான் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கப்பலில் நானும்தானே வந்தேன்?

ஐம்பதுகளின் தொடக்கம். ஊருக்குப் போய்விட்டு நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினேன். எங்களுக்கு டெக்கில்தான் டிக்கெட். அறை கிடையாது, கட்டில் கிடையாது. ஏறியதும் துண்டைப் போட்டுப் பாயை விரித்து, ஓரத்தில் டிரங்குப் பெட்டியை வைத்துவிட்டால் – அது உங்கள் இடம்.

கரை மறைவதற்குள் எல்லோரும் சொந்தமாகிவிட்டோம். நாகூர் ராவுத்தர் ஒருவர் டின்னைத் திறந்து பேரீச்சம்பழம் கொடுத்தார். வாந்தி எடுத்தவர்களுக்கெல்லாம் திருவாரூர் அம்மா ஒருத்தி நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்தாள். ஜவுளிக்காரர் பாடினார். எனக்குப் பக்கத்துப் பாயில் அய்யாக்கண்ணு. தம்பி தங்கராசு துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறான், அவனைப் பார்க்கப் போகிறேன் என்பார். தாயில்லாத பிள்ளையை இவர்தான் வளர்த்திருக்கிறார்.

என் கதையைச் சொன்னேன். அத்தனையும் பொறுமையாகக் கேட்டார்.

“இம்புட்டுக் கட்டுனேங்கிறீங்க... இந்தக் கப்பல்ல இன்னும் ரெண்டு கக்கூஸ் கட்டியிருக்கலாம்ல அண்ணே?”

டெக்கே சிரித்தது. நானும்தான்.

பினாங்கு வருவதற்கு முன்னால் ஒரு காலை, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். அவ்வளவுதான். கப்பல்காரர்கள் துணியில் சுற்றி, இரும்பைக் கட்டிக் கடலில் இறக்கினார்கள். தலைப்பக்கம் தூக்கியவர் ராவுத்தர். ஊறுகாய் அம்மா மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். ஜவுளிக்காரர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

பிறகு சாப்பாட்டு மணி அடித்தது.

சாப்பிட்டு வந்து பார்த்தால் ராவுத்தரின் பாய் கொஞ்சம் நகர்ந்திருந்தது. அந்த அம்மாவின் பெட்டியும் நகர்ந்திருந்தது. ஜவுளிக்காரர் காலை நன்றாக நீட்டிக்கொண்டார். சாயங்காலத்துக்குள், ஓர் ஆள் படுத்திருந்த இடம் ஓர் ஆள் உட்காரும் இடமாகிவிட்டது.

பிடுங்கினார்களா? இல்லை. கெட்டவர்களா? அதுவும் இல்லை. அழுத கண்கூட அவர்களுக்குக் காயவில்லை. வெக்கை, நெரிசல்... கை கால் தானாக நீள்கிறது. கெட்டவர்களாக இருந்தால் திட்டியாவது தீர்த்திருப்பேன்.

என் சிவப்புக் கரைத் துண்டை எடுத்து அங்கே விரித்தேன்.

“யாருக்கு அண்ணே எடம் புடிக்கிறீங்க?” என்றார் ஜவுளிக்காரர்.

“அய்யாக்கண்ணுக்கு.”

“அவருதான்...”

“அவரு டிக்கெட்டு சிங்கப்பூர் வரைக்கும்.”

ராவுத்தர் பாயை இழுத்துக்கொண்டார். “அண்ணனுக்கு வெயில் தலைக்கு ஏறிடுச்சு” என்றார் ஜவுளிக்காரர். ஏறட்டும். மீதி வழி முழுக்க அந்தத் துண்டுக்குக் காவல் இருந்தேன். மேலே வந்த கால்களை நகர்த்திவிட்டேன்.

சிங்கப்பூரில் ஏணி இறங்கியது. “கட்டாயம் வீட்டுக்கு வாங்க” என்று ஆளுக்கு ஆள் கையைப் பிடித்தார்கள். பிறகு மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓட்டம். கீழே அண்ணனுக்குப் புது வேட்டியோடு தங்கராசு நிற்கிறான். அவனிடம் யார் சொல்வது? நான்தான் சொன்னேன்.

அவன் அழவில்லை. “எங்க எறக்குனாங்க?” என்றான்.

கடலைக் காட்டுவதா? எந்தக் கடலை?

“அவரு படுத்திருந்த எடத்தையாவது காட்டுங்கண்ணே.”

கப்பல்காரனிடம் கெஞ்சி அவனை மேலே கூட்டிப்போனேன். டெக் காலி. ஒரு கோடியில் தண்ணீர் அடித்துக் கழுவிக்கொண்டு வருகிறார்கள். என் துண்டு மட்டும் கிடக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து அதைத் தடவினான். பிறகு அதன்மேலேயே படுத்துவிட்டான். தண்ணீர் அவன் காலைத் தொடும்வரை எழுந்திருக்கவில்லை.

யார் துண்டு என்று அவன் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அன்றைக்கு அதைச் சொல்கிற நேரமா?

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் கலைந்ததும் கேட்டேன். “தம்பி, அந்தத் துண்டு ஞாபகம் இருக்கா?”

“துண்டா... எல்லாருமாத்தான் எடத்த விட்டு வச்சிருந்தாங்க. நல்ல சனம் லா அண்ணே.” லட்டுப் பொட்டலம் ஒன்றை என் கையில் திணித்துவிட்டு அடுத்த ஆளிடம் போனான்.

வெறும் மாலைக்காக இத்தனை புலம்பலா என்பீர்கள். போன வருஷம் ஆஸ்பத்திரியில் கிடந்து திரும்பி வந்தேன். கோப்பிக்கடைக் கல்லாவில் என் நாற்காலியைக் காணோம். பின்கட்டில் அதன்மேல் வெங்காய மூட்டை. “நீங்க ரெஸ்ட் எடுங்கப்பா” என்றான் மூத்தவன், அன்பாகத்தான். யாரையும் குறை சொல்ல முடியாது. பாய்கள் நகர ஆரம்பித்துவிட்டன, அவ்வளவுதான். உயிரோடு இருக்கும்போதே இந்த வேகம் என்றால்... எனக்கு ஒரு துண்டு போட யார் இருக்கிறார்கள்? இரவெல்லாம் யோசித்தும் ஒரு பெயர் வரவில்லை.

அதனால் கெஞ்சவில்லை, கேட்கிறேன். தங்கராசு, மாலை யாருக்குப் போடுவதும் உன் இஷ்டம். ஆனால் அடுத்த தடவை மைக்கைப் பிடிக்கும்போது கப்பல் சனம் என்று பொதுவாகச் சொல்லாதே.

அந்தத் துண்டு என்னுடையது.