தடைக்காலத்தில் வராத புருஷன்

போன வாரம் பழவேற்காட்டுப் பக்கம் ஒரு குப்பத்தில், ஒரு அம்மா என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். நினைத்தால் இப்போதும் கூசிப்போகிறது...

முதலில் அஞ்சலியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஏரியில் இறங்கி, கையால் தடவி இறால் பிடித்து, பொன்னேரி மார்க்கெட்டில் விற்பவள். எனக்கு வாடிக்கை. குடித்துவிட்டு அடிக்கிற புருஷனை விட்டு, சின்ன மகளோடு வெளியே வந்துவிட்டாள். வந்தது சரி... வீடு? எங்கே போனாலும் முதல் கேள்வி, "வூட்டுக்காரரு இன்னா பண்றாரு?" பிரிந்துவிட்டேன் என்று சொன்னால் போதும், அந்த ரூமுக்கு அப்போதுதான் வேறு யாரோ அட்வான்ஸ் கொடுத்திருப்பார்கள்.

'நிமிர்ந்து நில்லுங்கள் பெண்களே' என்று இங்கே வாராவாரம் எழுதுகிறவள் நான். அவளுக்கு என்ன யோசனை சொன்னேன் தெரியுமா?

"புருஷன் காசிமேட்டுல விசைப்படகுல போறாருன்னு சொல்லிடு. கடலுக்குப் போனவரை யாரு தேடப்போறாங்க?"

பலித்தது. ஏரிக்கரைக் குப்பத்தில் கன்னியம்மா என்கிற அம்மா, தன் வீட்டை ஒட்டிய ஒற்றை ரூமைக் கொடுத்தார். "உள்ள தாப்பா போட்டுக்கினு நிம்மதியா தூங்குறேன்க்கா" என்று அஞ்சலி சொன்னபோது எனக்குப் பெருமை பிடிபடவில்லை. என்ன மூளை, என்ன மூளை!

மீன்பிடித் தடைக்காலம் என்றால் எனக்கு மீன் விலை ஏறும், அவ்வளவுதான். குப்பத்துக்காரர்களுக்கு அப்படியா? விசைப்படகுகளைக் கட்டிப்போட்டதும் காசிமேட்டுக்குப் போன ஆண்கள் எல்லாரும் பையைத் தூக்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்கள். ஒருத்தன் மட்டும் வரவில்லை.

அஞ்சலி போன் பண்ணினாள். ஓடினேன்.

கன்னியம்மா வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். கத்தவில்லை. அஞ்சலியைப் பார்த்து, "லாஞ்செல்லாம் கரையில நிக்குது. ஒன் ஆளு மட்டும் எந்தக் கடல்ல கீறான்?" என்றார்.

அஞ்சலி உடைந்துபோனாள். அடி, உதை, மகளைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தது என்று எல்லாவற்றையும் சொன்னாள். பொய் என் யோசனை என்பதை மட்டும் சொல்லவில்லை. நானே சொன்னேன். அப்போதுதான் அந்தக் கேள்வி.

"ஏம்மா, ஒங்க வூட்டு மாடி பூட்டியே கெடக்குதாமே, இந்தப் பொண்ணு ஒரு தபா சொல்லிச்சு. அங்க வெச்சிக்காம, இங்க ஏன் பொய் சொல்லி அனுப்புனீங்க?"

மகன் பெங்களூரு போனதிலிருந்து மாடி காலிதான். அவளுக்காகத் தெருத்தெருவாக அலைந்தபோது அது என் நினைவுக்கு வராமலா இருந்தது? வந்தது. அவள் புருஷன் குடித்துவிட்டு என் வாசலில் வந்து கத்தினால் தெருவே வேடிக்கை பார்க்குமே என்பதும் கூடவே வந்தது. இதை எப்படி வாயால் சொல்ல?

அஞ்சலி கண்ணைத் துடைத்துக்கொண்டு முந்திக்கொண்டாள்.

"அக்கா கூப்ட்டாங்க அத்த. நான்தான் ஏரிய வுட்டு வரமாட்டேன்னுட்டேன்."

நான் கூப்பிட்டதே இல்லை. ஒரு வார்த்தை... பேச்சுக்குக்கூட இல்லை. எனக்கு எங்கே பார்ப்பது என்றே தெரியவில்லை. ஆமாம் என்று தலையாட்டினேன். வெட்கக்கேடு!

கன்னியம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். நம்பினாரோ இல்லையோ, தெரியாது. கையைக் கழுவிக்கொண்டு அஞ்சலியிடம், "சரி, இருந்துக்கோ. அவன் வந்தான்னா நீ வெளிய வராத. என்னைக் கூப்டு" என்றார்.

அவருக்கும்தான் வாசல் இருக்கிறது. வேடிக்கை பார்க்கத் தெருவும் இருக்கிறது. அதையெல்லாம் அவர் யோசித்ததாகவே தெரியவில்லை.

பஸ் ஸ்டாப் வரை அஞ்சலி கூடவே வந்தாள். பஸ் வந்து நின்ற பிறகுதான் எனக்கு வாய் வந்தது. "மகளையும் கூட்டிட்டு மாடிக்கு வந்துடேன், அஞ்சலி..."

"வேணாங்க்கா" என்றாள், சிரித்தபடி. "இங்கன்னா இனிமே யாருகிட்டயும் பொய் சொல்லத் தேவையில்ல."

அவள் குத்திக்காட்டவில்லை. எனக்குத்தான் குத்தியது.