தனித்தாளில் கையெழுத்துப் போடாத எங்கள் அக்கா

குலம் காக்கும் அய்யனாரை வணங்கி, அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஒரு வருடம் நிறையும் இந்நாளில், தம்பியாகிய நான் எனக்குத் தெரிந்த மட்டும் எழுதுகிறேன். எட்டாவது வரைதான் படித்தவன். பிழை இருந்தால் உறவுகள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

குளத்தூர்ப் பக்கம் மானாவாரிக் குடும்பத்தில் மூத்த பெண்ணாகப் பிறந்தவர்கள் அக்கா. மழை பொய்த்த வருடம் படிப்பை விட்டு நூல் மில்லுக்குப் போனார்கள். அத்தான் தவறிய பிறகு அந்த வேலையை வைத்தே இரண்டு பிள்ளைகளையும் ஆளாக்கினார்கள். செவ்வாய் விரதத்தை ஒருநாளும் விட்டதில்லை. என்னை அதே மில்லில் பேக்கிங்கில் சேர்த்துவிட்டதும் அக்காதான்.

மேனேஜர் யாரைக் கூப்பிட்டாலும் தனியாகப் போகக்கூடாது, கூட ஒரு ஆள் போகணும் என்று அக்கா ஒரு பழக்கம் வைத்திருந்தார்கள். "ஒத்தையாப் போனா நம்ம பேச்சு வாசல்லயே நின்னுக்கிரும்டி" என்பார்கள்.

ஷிப்டு முறையை மாற்றச் சொல்லி எல்லாரும் மனுக் கொடுத்திருந்த சமயம். என் மனைவி மாசமாக இருந்தாள், வீட்டில் துணைக்கு ஆள் இல்லை. மேனேஜர் என்னை மட்டும் கூப்பிட்டார். மனுவிலிருந்து விலகுவதாக ஒரு தனித்தாளில் கையெழுத்துப் போட்டால் எனக்கு எப்போதும் பகல் ஷிப்டு என்றார். போட்டுவிட்டேன். அக்காவிடம்கூடச் சொல்லவில்லை.

மறுநாள் ஷிப்டுப் பட்டியலில் என் பேர் பகலுக்கு மாறியிருந்ததை எல்லாரும் பார்த்துவிட்டார்கள். சாப்பாட்டு நேரத்தில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. "பகல் மாப்பிள்ள வாராரு, எடம் விடுங்கடி" என்று ஒருத்தி சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். அக்கா மட்டும் தூக்குவாளியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

"ஏன்டா, எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லலாம்ல?"

"எல்லாருக்கும் ஒண்ணுதான், யாரும் தனக்குன்னு எதுவும் கேக்கக்கூடாதுன்னு நீதானக்கா சொன்ன?"

எடுத்த சோறு கையிலேயே இருந்தது அக்காவுக்கு. பிறகு மற்றவர்களைப் பார்த்து, "இவன் பண்ணுனது தப்புதான். ஆனா வீட்டுக் கஷ்டத்தச் சொல்ல நாம எடமே வைக்கலயேடி. அது என் தப்பு" என்றார்கள்.

அன்று சாயந்திரமே என்னைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு மேனேஜரிடம் போனார்கள்.

"தம்பிக்கு நல்லதுதானே நடந்திருக்கு? விடுங்கம்மா" என்றார் அவர்.

"சந்தோசந்தான் சார். அதே சந்தோசத்த எல்லாருக்கும் எழுதிக் குடுங்க. மாசமா இருக்க வீடு, சீக்கா கெடக்க வீடு, அவுகளுக்குப் பகல் ஷிப்டுன்னு மனுவுல சேத்திருக்கோம்."

என் தனித்தாளை நானே திரும்ப வாங்கிக்கொண்டேன். வெளியே வந்ததும் அக்கா, "ஒம் பொண்டாட்டிக்கு நாங்க இருக்கோம், போடா" என்றார்கள். சொன்னபடி பிரசவம் வரைக்கும் மில் பெண்கள் முறை வைத்து வந்து துணை இருந்தார்கள். மனுவில் கேட்டபடி மில்லில் ஒப்பந்தம் ஆகும்போது என் மகளுக்குப் பல்லே முளைத்துவிட்டது. பலன் எனக்குப் பின்னால் வந்தவர்களுக்குத்தான். இடையில் அக்காவுக்கும் ஒரு தனித்தாள் வந்தது, மனுவை விட்டால் சூப்பர்வைசர் வேலை என்று. போடவில்லை. கடைசிவரை மிஷினோடுதான் நின்றார்கள்.

போன வருடம் அக்கா நோயில் விழுந்தபோது அதே பெண்கள்தான் ஆஸ்பத்திரிக்கும் முறை எழுதினார்கள். அந்தத் தாளில் என் பேருக்கு நேரே 'பகல்' என்று இருந்தது. அக்கா வாங்கிப் பார்த்துவிட்டு மூச்சு வாங்கச் சிரித்தார்கள்.

"இந்தா, இப்ப எல்லாருமாச் சேந்து ஒனக்குப் பகல் ஷிப்டு குடுத்துட்டாளுகடா."

அந்தத் தாளை எங்கள் வீட்டுச் சாமி மாடத்தில் வைத்திருக்கிறேன். அதில் பேர் உள்ள அத்தனை பேரையும் எங்கள் குடும்பம் கைகூப்பி வணங்குகிறது.